கிட்டா, டைகாஸ்ட்டா, ஃபோம் ஷீட்டா: நம்ம ஊர்ல மாடல் கார் செய்ய எதுல தொடங்கலாம்

போன மாசம் அக்கா மவன் குலசேகரத்துலேருந்து வந்திருந்தான், பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கான். என் அலமாரில இருக்க வண்டிகள ஒவ்வொண்ணா குனிஞ்சு குனிஞ்சு பாத்தவன் கடைசில, "மாமா, எங்க எஸ்டேட் ஜீப்ப இதுமாதிரி செய்யணும், கிட் வாங்கவா, இல்ல டைகாஸ்ட் பொம்மைய வாங்கி மாத்தவா, இல்ல மார்த்தாண்டம் பக்கம் பயலுவ ஃபோம் ஷீட்டுல பஸ் செய்யானுவளே அப்படிப் போவவா"ன்னு கேட்டான். நான் அப்ப வாய்க்கு வந்தபடி "கிட்டுல தொடங்குடே"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி படுத்த பொறவு அந்தப் பதில் சரியில்லன்னு மனசு உறுத்திட்டே கெடந்துது. மூணுலயும் நான் கை வச்சிருக்கேன், மூணுக்கும் வேற வேற கொணம் உண்டு, அதோட நம்ம மாவட்டத்துக் காத்துக்குன்னு ஒரு கொணம் இருக்கு, அத சொல்லாம எதுல தொடங்குன்னு சொல்றது பாதிப் பதில்தான். அதனால உக்காந்து ஒழுங்கா எழுதுதேன். கிட்டுன்னா துண்டு துண்டாப் பெட்டில வந்து நாமளே ஒட்டிப் பெயிண்ட் அடிக்கிற பிளாஸ்டிக் மாடல், டைகாஸ்ட்டுன்னா அச்சுல வார்த்த உலோகப் பொம்மை வண்டி, ஃபோம் ஷீட்டுன்னா போர்டு எழுதுற கடைல பாவிக்க லேசான பிவிசி பலகை.

மொதல்ல அளவப் பத்தி கொஞ்சம். 1/24ன்னா நெஜ வண்டிய 24ஆ வகுத்த அளவு. அம்பாசடர் கார் சுமார் 4.3 மீட்டர் நீளம், அது 1/24ல 18 சென்டி வரும், 1/18ல 24 சென்டி, 1/43ல 10 சென்டி, 1/64ல ஏழு சென்டிக்கும் கொறவு, உள்ளங்கையில அடங்கிரும். இந்த 1/43ங்கிறது பழைய ஓ கேஜ்ங்கிற அளவு பொம்ம ரயிலுக்குப் பக்கத்துல நிறுத்த செஞ்ச கார்கள்லேருந்து வந்த கணக்கு. 1/24ல எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு, நெஜ வண்டில ஒரு அடின்னா மாடல்ல அர இஞ்சு, அவ்வளவுதான் கணக்கு. தையக்காரர் டேப்பு ஒண்ணு கைல இருந்தா அதுவே ஸ்கேல். கதவு மூணு அடி அகலமா, ஒன்றர இஞ்சு வெட்டு. கால்குலேட்டர் வேண்டாம். உள்ள சீட்டு, ஸ்டியரிங், டேஷ்போர்டுன்னு வேல பாக்கவும் கண்ணுக்கும் வெரலுக்கும் ஒத்து வரும். 1/64 சின்னது, வெல கம்மி, ஆனா டீடெய்ல் பண்ண ஆசப்படுறவங்களுக்கு அது மொதல் வண்டியா சரிப்படாது, ஒரு பெயிண்ட் கோட்டு கொஞ்சம் கட்டியாப் போனாலே கதவு கோடு மூடிரும்.

இப்ப கிட்டுக்கு வருவோம். பிளாஸ்டிக் கார் கிட்டுன்னு பேச்செடுத்தா ஜப்பான்ல ஷிசுவோகாங்கிற ஒரே மாகாணத்தச் சுத்தித்தான் பாதிப் பேச்சு இருக்கும், டமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, ஆவோஷிமான்னு கிட் கம்பெனி நாலும் அங்கதான். டமியா 1946ல மரக்கம்பெனியாத் தொடங்குனது, மரத்துல மாடல் செஞ்சுட்டு இருந்தவங்க 1960ல யமாட்டோ போர்க்கப்பல வச்சு மொத பிளாஸ்டிக் கிட்ட விட்டாங்க. மரம் அறுக்க எடத்துலேருந்து இப்படி ஒண்ணு வளர்ந்துருக்குன்னு நெனைக்க எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம், நம்ம பக்கத்துலயும் மரவேல தெரிஞ்ச கைகளுக்கா பஞ்சம். அவங்க கிட்டுல ஒரு துண்டு இன்னொரு துண்டோட சேருற சேர்த்திய நேர்ல பாத்தாத்தான் வெளங்கும். ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு, சிமெண்டுன்னு சொல்ற தண்ணி மாதிரி பிளாஸ்டிக் பசைய ஒரு சொட்டு இடுக்குல தொட்டா போதும், அது தானா இடுக்கு முழுக்க ஓடும். அது ஒட்டுற பசையே கெடையாது, பிளாஸ்டிக்கக் கரைச்சு ஒண்ணோட ஒண்ணு கலக்க வைக்கிறது, காஞ்சா அது ஒரே துண்டு. பெவிக்விக்க வச்சு கிட்ட ஒட்டுறவங்க இருக்காங்க, கண்ணாடித் துண்டுல மட்டும் அத கொண்டு போவாதீங்க, அதோட ஆவி பட்டு கண்ணாடி வெள்ளையாப் பூத்துரும். கண்ணாடிக்கு சாதா பெவிகால் போதும், காஞ்சா கண்ணுக்குத் தெரியாது.

கிட்டுல என்ன கத்துக்கிடலாம்னா, எல்லாம். சட்டத்துல ஒட்டி வர துண்ட நிப்பர்ங்கிற சின்ன வெட்டுக்குறட்டுல ஒட்ட வெட்டாம மொதல்ல தள்ளி வெட்டி பொறவு ரெண்டாவது வெட்டுல ஒட்ட எடுக்கது, அச்சு ரெண்டும் சேந்த எடத்துல பாடி மேல ஓடுற மெல்லிய கோட்ட உப்புத்தாள் போட்டு எடுக்கது, ப்ரைமர்ங்கிற அடிப்பூச்சு, கலர், டீக்கால்ங்கிற ஒட்டுப்படம், கிளியர்ங்கிற நெறமில்லா மேல்பூச்சு, தேய்ச்சு மினுக்குற கம்பவுண்டு. இந்த வரிசைய ஒரு தடவ முழுசா முடிச்ச கைக்கு மத்த ரெண்டு வழியும் லேசு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுட்டு வாங்குங்க, ஜப்பான் 1/24 கிட் நெறையத்துல எஞ்சின் இருக்காது, அடியில எஞ்சினோட அடிவயிறு மட்டும் தெரியும், பானட் தொறக்காது. எஞ்சின், ஸ்பார்க் பிளக் வயரு, ரேடியேட்டர் ஹோஸுன்னு ஆசப்படுறவங்க பெட்டிய நல்லா வாசிச்சுட்டு வாங்கணும், அமெரிக்க 1/25 கிட்டுல பெரும்பாலும் எஞ்சின் உண்டு.

கிட்டோட பெரிய கொற வெலதான். பொம்மைங்களுக்கான சுங்க வரி 2020 பிப்ரவரில 20லேருந்து 60 சதவீதமாச்சு, 2023ல 70 ஆச்சு, சின்ன அளவு மாடலுங்களும் அந்தத் தலைப்புலதான் வருது. அதனால அங்க ஒரு வெலைக்கு விக்கது இங்க வந்து சேரும்போது வேற வெல. நாகர்கோவில்ல கடைல போயி எடுத்துப் பாத்து வாங்க வழியில்ல, கூரியர்லதான் வரும், பசை, பெயிண்டுன்னு தீப்பிடிக்க சாமான எல்லாரும் அனுப்பவும் மாட்டாங்க. கிட்டுக்கு மட்டும் கணக்கு போட்டா பத்தாது, நிப்பர், கத்தி, பசை, ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேத்தா கிட் வெலைய அதுவே தாண்டிரும்.

டைகாஸ்ட் வேற சொகம். துத்தநாகமும் அலுமினியமும் கலந்த ஜமாக் உலோகத்துல வார்த்த பாடி, கைல எடுத்தா கனம் தெரியும், அந்தக் கனம் பிளாஸ்டிக்குல வராது. அடியில ரெண்டு மூணு ரிவெட் அடிச்சிருப்பாங்க, 3 மில்லிமீட்டர் டிரில் பிட்ட வச்சு அந்தத் தலைய மட்டும் மெதுவா எடுத்தா அடித்தட்டு தனியா வந்துரும், திரும்ப மூட 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. பழைய பெயிண்ட பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுத்துட்டு நமக்கு வேண்டிய கலர் அடிக்கலாம். இதுல ஒரு பெரிய வசதி என்னன்னா கார் பட்டறைல பாவிக்க அதே என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் தின்னரும் உலோகத்த ஒண்ணும் செய்யாது, ஆனா அதே தின்னர் கிட் பிளாஸ்டிக் மேல நேரா பட்டா மேல்தோல் வெடிச்சு செதில் செதிலாப் போவும். பட்டறைல கப்புல மிஞ்சுன கலர் நம்ம காருக்கு ஏராளம். உலோகத்தப் புடிச்சு நிக்கிற எட்ச் ப்ரைமர் மட்டும் விட்டுராதீங்க, இல்லன்னா நகம் பட்டாலே பேந்து வரும்.

டைகாஸ்ட்ல நான் செஞ்சது ஒரு 1/24 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். அதுல ஜன்னலச் சுத்தி இருக்க குரோம் பட்டைய சில்வர் பெயிண்ட்ல வரைஞ்சா பொம்மத்தனமாத் தெரிஞ்சுது, அதனால சமையலுக்கு வாங்குன அலுமினியம் ஃபாயில்ல மெல்லிசா பசை தடவி, ஒட்டிக்கிடுற பதத்துல காய விட்டு, ஜன்னல் மேல போத்தி, பல்குத்தும் குச்சிய வட்டமாத் தேய்ச்சு ஓரம் அமுத்தி, புது பிளேடால ரெண்டு பக்கமும் கோடு கீறி நடுவுல உள்ளத மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சு எடுத்தேன். ஒரு ஜன்னலுக்கு முக்காமணி நேரம் ஆச்சு. மறுநா வெயில்ல வச்சுப் பாத்தப்ப அது மினுங்குன மினுக்கம் பெயிண்ட்ல எந்தக் காலத்துலயும் வராது.

டைகாஸ்ட்டுக்கு நம்ம பக்கத்துல ஒரு எதிரி உண்டு, ஈரம். குளச்சல், முட்டம்னு கடலோரத்துல வீடு இருக்கவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஸ்டீல் ஆக்சில் துருப்பிடிச்சு டயர்ல செங்காவி வடியும். உலோகத்துல ஈயம் மாதிரி அசுத்தம் கலந்து வார்த்த பழைய வண்டிங்க உள்ளுக்குள்ளயே நொறுங்கிப் போறதும் உண்டு, துத்தநாகப் புத்துன்னு நான் சொல்லுவேன், ஈரத்துல அது வேகமா ஏறும். புது வண்டிங்கள்ல அந்தப் பயம் கம்மி. ஆனா பழசுன்னு ஆசப்பட்டு வாங்குறவங்க அடித்தட்டுல மயிரிழை வெடிப்பு இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாத்துட்டு வாங்குங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் ரெண்டு பாக்கெட் போட்டு வைங்க. டைகாஸ்ட்டோட இன்னொரு வரம்பு, கடைல என்ன வண்டி உண்டோ அதுதான் கதி. ஃபெராரி, முஸ்டாங் கெடைக்கும், எஸ்டேட் ஜீப்புக்கு எங்க போக. அம்பாசடர் வேணும்னா சென்டி டாய்ஸ் பிளாஸ்டிக் பொம்மை இருக்கு, இழுத்து விட்டா ஓடுறது, அதப் பிரிச்சு சாணை போட்டு நல்லபடியாக்குன கைகள நான் பாத்துருக்கேன், அதுக்கு நல்ல பொறுமை வேணும்.

ஃபோம் ஷீட்டப் பத்தி பேசும்போது எனக்கு மரியாதையே கூடிரும். கேரளாவுலயும் நம்ம பக்கத்துலயும் பஸ் பைத்தியம் புடிச்ச பயலுவ பிவிசி ஃபோம் ஷீட்ட வெட்டி ஒட்டி, ஜன்னல் ஷட்டர், ஏணி, டிக்கெட் எடுக்க கண்டக்டர் சீட்டு வரைக்கும் செஞ்சு வைக்கானுவ, கிட்டுன்னு ஒண்ணக் கண்ணால பாக்காத பயலுவ. போர்டு எழுதுற கடைல மிச்சம் வெட்டிப் போட்ட 3 மில்லிமீட்டர் துண்டு கேட்டா சும்மாவே தருவாங்க. கட்டர் பிளேடு, இரும்பு ஸ்கேல், பெவிக்விக், உப்புத்தாள், தொடங்க இவ்வளவுதான். ஹேர் டிரையர் காட்டி மெதுவா வளைக்கலாம்.

ஆனா இங்கதான் நான் அக்கா மவன்கிட்ட சொல்லாம விட்ட விஷயம் இருக்கு. எதுல செய்யலாம்னு முடிவு பண்றது காசு மட்டுமில்ல, நீங்க செய்ய நெனைக்க வண்டியோட வடிவம். பஸ்ஸும் ஜீப்பும் தகடு வண்டி, நேர்கோடு, ஒரே பக்கமா வளைஞ்ச வளைவு, ஷீட்டுக்குன்னே பொறந்தது. அம்பாசடரும் பீட்டிலும் உருண்ட வண்டி, மட்கார்டு ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வளையும், அத ஷீட்டுல கொண்டு வரணும்னா அடுக்கு அடுக்கா ஒட்டி, செதுக்கி, பட்டி வச்சு, தேச்சு, திரும்பப் பட்டி வச்சு, வலது மட்கார்டு போல இடது மட்கார்டு வரதுக்குள்ள மாசம் ரெண்டு போயிரும். நான் அம்பாசடர ஷீட்டுல தொடங்கி, அந்த மூக்கு ஒருபோதும் சரியா வராம, இப்பவும் பாதில பரண்ல இருக்கு. உருண்ட வண்டின்னா அச்சுல வார்த்த கிட்டோ டைகாஸ்ட்டோதான் நல்லது. தகடு வண்டின்னா ஷீட்டப் போல வசதி ஒண்ணுமில்ல, சக்கரம் மட்டும் ஷீட்டுல ஒழுங்கா வராது, அத ஏதாவது பொம்மைலேருந்தோ கிட்லேருந்தோ எடுக்கணும். மெத்துனு இருக்க வினைல் டயர பிளாஸ்டிக் ரிம்முல மாட்டி வருஷக்கணக்கா வச்சா டயர்ல உள்ள எண்ண மாதிரிப் பொருள் ரிம்ம அரிச்சுரும், அதனால ரிம்முக்கு மொதல்ல பெயிண்ட் அடிச்சு நல்லாக் காய விட்டு மாட்டுங்க.

இனி பெயிண்ட். இதத்தான் வெளியூர்க்காரங்க யாரும் நமக்காக யோசிச்சு சொல்லமாட்டாங்க. ஜூன்ல ஒரு மழ, ஐப்பசி கார்த்திகைல இன்னொரு மழ, ரெண்டு பருவமும் நமக்கு உண்டு, நடுவுல கடக்காத்து. என் ரூம்ல ஈரமானி மாட்டிருக்கேன், மழ நாள்ல 80 சதவீதத்துக்கு மேலதான் நிக்கும். மூணு வருஷத்துக்கு முன்ன ஆடி மாசம், ஒரு கிட்டுக்கு கருநீல லாக்கர், அதாவது தின்னர்ல கரைச்சு அடிக்க சட்டுன்னு காயுற பெயிண்ட், அடிச்சேன், கண் முன்னாலேயே ரெண்டு நிமிஷத்துல மேல பால் ஊத்துன மாதிரி வெள்ளையாப் பூத்துட்டு. பதறிப்போயி அத எடுத்துட்டு பக்கத்துப் பட்டறைல பெயிண்டர் அண்ணன்கிட்ட ஓடுனேன். அவரு பாத்துட்டு சிரிக்கல்ல, வண்டிய வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "காத்துல தண்ணி கெடக்குடே, இண்ணைக்கு அடிக்காண்டாம், நாங்களே இண்ணைக்கு வண்டி அடிக்கல்ல பாத்தியா"ன்னாரு. காரணம் இதுதான், லாக்கர் தின்னர் சட்டுன்னு ஆவியாப் போவும், போகும்போது மேல்பரப்ப குளிர வச்சுரும், குளிர்ந்த எடத்துல காத்துல உள்ள ஈரம் பனி மாதிரி படியும், அது பெயிண்டுக்குள்ள மாட்டிக்கிட்டா வெள்ள. கருப்பு, கருநீலம், செவப்புல அது பளிச்சுன்னு தெரியும். அவரு சொன்னபடி மெதுவாக் காய வைக்க ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேத்து, மழ விட்டு வெயில் வந்த ஒரு மத்தியானம் மேல மெல்லிசா ஒரு கோட்டு அடிச்சேன், பூத்தது முழுக்க மறைஞ்சுது.

அதனால லாக்கரா அக்ரிலிக்கா எனாமலான்னு கேட்டா, ப்ரைமர் அடிச்ச பாடிக்கு நான் இப்பவும் லாக்கர்தான் சொல்லுவேன், மெல்லிசா நிக்கும், சீக்கிரம் காயும், தேய்ச்சு பளபளப்பாக்கலாம், ஆனா தை, மாசி, பங்குனில அடிங்க. மழ மாசங்கள்ல வெட்டுறது ஒட்டுறது, சீட்டு, டேஷ்போர்டுன்னு உள்வேலைய பாருங்க, அதுக்கு தண்ணில கரையுற அக்ரிலிக்க தூரிகையால அடிச்சா போதும், நாத்தமும் இல்ல, வீட்டுல யாரும் மூக்கப் பொத்த வேண்டாம். அக்ரிலிக்கு காய நேரம் எடுக்கும், ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் இருக்கவங்களுக்கு காத்துல வர தூசிதான் வில்லன், அடிச்ச ஒடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் கவுத்து மூடி வைங்க. எனாமல் பாடிக்கு வேண்டாம், நாள் கணக்குல காயாம கெடக்கும். ஆனா கதவு கோட்டுக்கு அதவிட்டா வேற இல்ல. லாக்கர் கிளியர் நல்லாக் காஞ்ச பொறவு, கருப்பு எனாமல தண்ணி மாதிரி கரைச்சு, நுனித் தூரிகைல எடுத்து கதவோட மேல் மூலைல ஒரே ஒரு தொடு. அது தானே கோட்டுக்குள்ள ஓடி கதவச் சுத்தி கீழ வந்து நிக்கும். வெளிய வழிஞ்சத எனாமல் தின்னர்ல லேசா நனைச்ச துணியால தொடைச்சா போயிரும், அடியில உள்ள லாக்கர ஒண்ணும் செய்யாது. வெள்ள வண்டிக்கு கருப்பு கூடாது, சாம்பல் நெறம் போடுங்க. பெயிண்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்குல மட்டும் இத ஊற விடாதீங்க, கீறல் விடும்.

ஸ்ப்ரே கேனா, கம்ப்ரஸர் காத்துல பெயிண்ட் தூவுற ஏர்பிரஷ்ஷாங்கிற கேள்விக்கு, மொத ரெண்டு வண்டி கேன்ல அடிங்க. கேன வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் வச்சு எடுத்து அடிச்சா தூறல் மெல்லிசா வரும், கொதிக்க தண்ணில ஒருக்காலும் வைக்காதீங்க. ஏர்பிரஷ் வாங்குனா 0.3 மில்லிமீட்டர் நாசில் எல்லா வேலைக்கும் ஒத்து வரும், கம்ப்ரஸர்ல ஈரத்தப் புடிக்கிற மாய்ஸ்ச்சர் டிராப் இல்லாம நம்ம ஊர்ல வாங்கவே வாங்காதீங்க, குழாய்ல தண்ணி கோத்து பாதி பானட்டுல சொட்டா துப்பும். பட்டறைல ஹார்டனர் கலந்து அடிக்க டூகே கிளியர் கண்ணாடி மாதிரி வரும், உண்மதான், ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதத் தடுக்காது. பிள்ளைங்க இருக்க வீட்டுல அது வேண்டாம்.

சரி, ஜீப்புக்கு வருவோம். 1/24ல ரெண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப் கிட் ஹசெகாவாவும் இத்தாலி கம்பெனி இடாலேரியும் போட்டிருக்காங்க. மஹிந்திரா ஜீப்பு செய்யத் தொடங்குனதே வில்லிஸ்லதானே, அத வாங்கி மாத்திரலாம்னுதான் நான் மொதல்ல நெனச்சேன். ஆனா நம்ம எஸ்டேட்டுகள்ல ஓடுனது எம்பிங்கிற போர்க்கால வில்லிஸ் மாடல் இல்ல, 1953ல வந்த வில்லிஸ் சிஜே-3பி மாடல் வழில வந்தது. அதுல வால்வு மேலயும் கீழயுமா இருக்க எஃப்-ஹெட் எஞ்சின், எஞ்சின் ஒசரமானதால பானட்டும் ஒசந்துது, அதுதான் நம்ம ஜீப்போட அந்த நெத்தி. எம்பிக்கு கிரில்லுல 9 பொளவு, லைட்டு உள்ளடங்கி இருக்கும், இதுக்கு 7 பொளவு, லைட்டு பெருசு. அப்ப பானட், கிரில், லைட்டு மூணையும் பிளாஸ்டிக் ஷீட்டுல புதுசா செய்யணும், மிச்சம் கிட்டுல எடுக்கலாம், சக்கரத்துக்கு சக்கரம் நடுவுல ரெண்டுக்கும் 80 இஞ்சுதான். இது நல்ல வழி, வெலதான் கூடுதல்.

இந்தக் கணக்கெல்லாம் அவன்கிட்ட போன்ல சொல்லிட்டு, எதுக்கும் எஸ்டேட்ல போயி தையல் டேப்பு வச்சு நெஜ வண்டிய அளந்துட்டு வாடேன்னு சொன்னேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூப்புட்டான். "மாமா, நடு ஆக்சில்லேருந்து நடு ஆக்சிலுக்கு 91 இஞ்சு வருது, மூணு மட்டம் அளந்துட்டேன்." நீளம் கூடுன மாடல். மாடல்ல ஒரு சென்டிக்கு மேல வித்தியாசம், அடிச்சட்டம், பாடி ரெண்டையும் நடுவுல வெட்டி நீட்டணும், அதுக்கு கிட்ட வாங்கி என்ன மிச்சம். ஷீட்டுதான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். பரண்ல அம்பாசடருக்குன்னு வாங்கி வச்ச 3 மில்லிமீட்டர் ஷீட் முழுசா ரெண்டு கெடக்கு, அது அவனுக்கு. பெயிண்டுக்கு பழக்கம் வர என்கிட்ட பிரிக்காம இருக்க எஞ்சின் இல்லாத கிட் ஒண்ணையும் குடுக்கப்போறேன், மழ முடியதுக்குள்ள ஒட்டி முடிச்சுரட்டும், தை பொறந்த பொறவு ரெண்டையும் ஒரே நாள்ல அடிக்கலாம். ஜீப்புக்கு என்ன பச்சைன்னு கேட்டேன், வெயில்ல வெளுத்த எடமும் வெளுக்காத எடமும் வேற வேற பச்சையா இருக்குன்னான். சீட்டுக்கு அடியில பழைய கலர் அப்படியே இருக்கும், அதப் படம் எடுத்து அனுப்புன்னு சொல்லிருக்கேன்.